ஐந்தாம் மாதத்தில்தான் ஆட்டம் காண்கிறது: தாய்வீட்டிலிருந்து திரும்பிய அம்மாக்களின் திணறல்

பிள்ளை பெற்றவளுக்கு முதல் நாற்பது நாள்தான் கஷ்டம், அப்புறம் பழகிவிடும் என்பது நம் ஊர்க் கணக்கு. பேறுகால ஏற்பாடுகளும் அந்தக் கணக்குப்படிதான் இருக்கின்றன. தாய்வீட்டில் அம்மா பத்தியச் சமையல் செய்து போடுகிறார். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்ட ஒருவர் இருக்கிறார். துணி அலச, ராத்திரி தூளி ஆட்ட யாராவது ஒரு கை கிடைக்கிறது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துக் கணவன் வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்கள். அன்றோடு அத்தனை கையும் ஒரே நாளில் விலகிவிடுகிறது.

வேலை கூடும் நேரமும் அதுதான். நான்காம் மாதத்தை ஒட்டிக் குழந்தையின் தூக்க அமைப்பு மாறுவதால், நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகூட இரவில் அடிக்கடி விழிக்கிறது. ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவும் தொடங்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு விடுப்பு முடிகிறது. பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு குறைபாடு தலைகாட்டுவதும் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு மாதத்துக்குள்தான். வீட்டில் எல்லாரும் "அதான் பிள்ளை வளர்ந்துடுச்சே" என்று சொல்லத் தொடங்கும் காலமும் இதுவே. இரண்டாம் மாதத்தில் சமாளித்தவள் ஐந்தாம் மாதத்தில் சமையலறையில் நின்று அழுதால், கோளாறு தன்னிடம் என்று நினைத்துக்கொள்கிறாள். நாட்காட்டியைப் பார்த்தால் காரணம் வேறெங்கோ இருப்பது தெரியும்.

இந்தத் திணறலைப் போக்க "உனக்காகக் கொஞ்சம் நேரம் ஒதுக்கு" என்று சொல்வதில் பயனில்லை. இல்லாத நேரத்தை எங்கிருந்து ஒதுக்குவது? எது அழுத்துகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் கைவைக்க வழி கிடைக்கும். பெரும்பாலும் நான்கு விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கும்: தூக்கம், ரத்தம், தலைக்குள் ஓடும் பட்டியல், நோய். பார்க்க வேண்டிய வரிசையும் இதுவே. ஆனால் நோயின் அறிகுறி ஏதாவது தெரிந்தால் வரிசை பார்க்காமல் அதற்கு முதலில் போக வேண்டும்.

தூக்கம்: மொத்தத்தைவிடத் துண்டு முக்கியம்

இரவு பத்து மணிக்குப் படுத்துக் காலை ஆறு மணிக்கு எழுந்தவள் எட்டு மணி நேரம் தூங்கியதாக வீட்டார் கணக்குப் போடுவார்கள். நடுவில் நான்கு முறை எழுந்திருந்தால் அந்த எட்டு மணிக்கு மதிப்பு இல்லை. பெரியவர்களின் தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. சுற்று முடியுமுன் எழுப்பப்பட்டுக்கொண்டே இருந்தால் ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் இரண்டும் அடிபடும். மறுநாள் தெரிவது களைப்பு மட்டுமல்ல. சட்டென்று வரும் எரிச்சல், மறதி, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிப் போடுவது எல்லாம் அதன் விளைவுதான். ஆகவே தேவைப்படுவது விடாமல் கிடைக்கும் நான்கு, நான்கரை மணி நேரம். பகலில் "பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு" என்ற யோசனை, வேறு வேலையே இல்லாத வீட்டில்தான் நடக்கும்.

அந்த நான்கரை மணி நேரத்தை எப்படி எடுப்பது? மாலையிலோ முந்தைய நாளிலோ பால் பீய்ச்சிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று முதல் ஆறு மாதக் குழந்தைக்கு ஒரு வேளைக்குச் சுமார் 60 முதல் 120 மில்லி ஆகும். இரவு ஒன்பது மணிக்குத் தாய் பால் கொடுத்துவிட்டு வேறு அறைக்குப் போய்ப் படுத்துவிட வேண்டும். வேறு அறை என்பது கட்டாயம், ஏனென்றால் பக்கத்தில் படுத்தால் குழந்தை முனகினாலே அவளுக்கு விழிப்புத் தட்டும், யார் பொறுப்பில் இருந்தாலும் சரி. பதினொன்றரை வாக்கில் குழந்தை எழுந்தால் அப்பாவோ பாட்டியோ அந்தப் பாலைப் பாலாடையில் புகட்டி, ஏப்பம் விட வைத்து, துணி மாற்றித் தூங்க வைக்கலாம். ஒன்றரை மணிக்கு அடுத்த முறை தாயின் கையில். அதன் பிறகு தூங்கப் போவது அப்பாவின் முறை.

பீய்ச்சிய பாலுக்குச் சில கணக்குகள் உண்டு. அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வைக்கலாம் என்பது ஏறத்தாழ 25 டிகிரி வெப்பநிலையை வைத்துச் சொல்வது. சித்திரை வெயிலில் நம் சமையலறைக்கு அது பொருந்தாது, உடனே உள்ளே வைத்துவிடுவதே சரி. குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாள் வரை தாங்கும். கதவில் வைக்காமல் உட்புறத் தட்டில் வைக்க வேண்டும், கதவு திறக்கும்போதெல்லாம் அங்கே சூடேறுகிறது. எடுக்கும்போது கிண்ணத்தை வெந்நீரில் நிறுத்திச் சூடாக்கினால் போதும். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைத்தால் ஓரிடத்தில் கொதித்தும் ஓரிடத்தில் குளிர்ந்தும் இருந்து வாயைச் சுடும். குழந்தை குடித்து மீந்ததைத் திரும்ப உள்ளே வைக்கக் கூடாது.

முதல் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது. பால் சுரப்பு நிலைப்படும் காலம் அது. நீண்ட இடைவெளி விட்டால் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும், சுரப்பும் குறையலாம். அப்போது வேறு வழி: குழந்தையைக் கொண்டுவந்து தாயிடம் கொடுப்பது, குடித்ததும் வாங்கிக்கொண்டு போவது. ஏப்பம், துணி, தூளி மூன்றும் வேறொருவர் வேலை. ஒரு முறை எழுந்தால் நாற்பது நிமிடம் போகும் இடத்தில் இருபது நிமிடம் மிஞ்சும். ஒன்று மட்டும் கவனம்: தூக்கக் கலக்கத்தில் சோபாவிலோ நாற்காலியிலோ உட்கார்ந்தபடி பால் கொடுக்கக் கூடாது. அப்படியே கண்ணயர்ந்தால் குழந்தை மெத்தை இடுக்கில் சிக்கி மூச்சுத் திணறும்.

இந்த ஏற்பாட்டைப் பெரும்பாலும் குலைப்பது "பால் பத்தலையோ" என்ற பயம். அந்தப் பயத்தில் பீய்ச்சாமல் விடுகிறார்கள், அல்லது பவுடர் பாலுக்குத் தாவி மேலும் குழம்புகிறார்கள். அளக்க எளிய வழி இருக்கிறது. முதல் வாரத்துக்குப் பின் 24 மணி நேரத்தில் ஆறு முறையோ அதற்கு மேலோ சிறுநீர் போக வேண்டும். முதல் மூன்று மாதம் வாரத்துக்குச் சுமார் 150 முதல் 200 கிராம் எடை ஏற வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் பால் போதுகிறது, பக்கத்து வீட்டுக் குழந்தை எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும்.

ரத்தத்தைப் பார்க்காமல் மனசைப் பார்க்காதீர்கள்

சோர்வு, படபடப்பு, முடி கொட்டல், எதிலும் பிடிப்பில்லாமை. இவற்றை மன அழுத்தம் என்று முடிவு கட்டுமுன் இரண்டு சோதனை செய்துவிட வேண்டும்: ரத்தசோகையைக் காட்டும் ஹீமோகுளோபின், தைராய்டைக் காட்டும் டி.எஸ்.ஹெச்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. பிரசவத்தில் ரத்தம் இழந்தவளுக்குச் சொல்லவே வேண்டாம். அதனால்தான் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை தரப்படுகிறது. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். வாங்குகிறார்கள், சாப்பிடுவதில்லை. மலம் கறுக்கிறது, மலச்சிக்கல் வருகிறது என்று நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பது இயல்பு. சாப்பிடுகிறவர்களும் பலர் காலை காபியோடு போட்டுக்கொள்கிறார்கள். காபி, டீ, பால் மூன்றும் இரும்பு உடலில் சேரவிடாமல் தடுக்கும். கூடவே கொடுக்கப்படும் கால்சியம் மாத்திரையும் அப்படித்தான். இரும்பு மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எலுமிச்சை நீரோடும், கால்சியத்தைக் காலையிலும் இரவிலும் சாப்பாட்டோடும் என்று பிரித்தால் சிக்கல் தீரும்.

தைராய்டு சங்கதி இன்னும் தந்திரமானது. பிரசவம் முடிந்த ஒன்று முதல் நான்கு மாதத்துக்குள் சுரப்பி அளவுக்கு மீறி ஓடிப் படபடப்பு, தூக்கமின்மை, எடைக் குறைவு தரலாம். பிறகு அடங்கி, மந்தம், மலச்சிக்கல், குளிர் தாங்காமை, அழுகை. இரண்டாவது கட்டம் மனச்சோர்வின் அச்சு அசலாக இருக்கும். கர்ப்பத்தில் பார்த்தபோது சரியாக இருந்தது என்பதை வைத்து விட்டுவிடக் கூடாது.

பத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூண்டுக் குழம்பு, கருவாடு, பால்சுறாப் புட்டு எல்லாம் நல்ல உணவு. தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று தாகத்தோடு வைப்பதும், காய், கீரை, பழத்தை விலக்குவதும்தான் தவறு. பால் கொடுக்கும் முதல் ஆறு மாதத்தில் வழக்கத்தைவிட நாளுக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாகத் தேவை. அது ஏறத்தாழ ஒரு முழு வேளைச் சாப்பாடு. கணவன் வீட்டுக்கு வந்த பிறகு நின்றபடி இரண்டு தோசையோடு காலையை முடிக்கும் பெண், பதினொரு மணிக்குக் கை நடுங்கிக் கத்துவதில் மனோதத்துவம் எதுவும் இல்லை.

தலைக்குள் ஓடும் பட்டியல்

இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒரு விஷயத்தைப் பச்சையாகச் சொன்னது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். அதுவும் அந்த வேலையில் ஈடுபட்ட ஆண்களே சுமார் நான்கில் ஒருவர்தான். ஆனால் நிமிடக் கணக்கில் வராத இன்னொரு வேலை உண்டு. அதுதான் தாய்மார்களை அதிகம் அரிக்கிறது.

14ஆம் வாரத் தடுப்பூசியை எடுத்துக்கொள்வோம். "நான்தானே வண்டியில் கூட்டிட்டுப் போனேன்" என்பார் கணவர். உண்மைதான். ஆனால் அந்த வேலை அதற்கு முன்பே பல நாளாக நடந்துகொண்டிருந்தது. தேதியை நினைவில் வைத்திருந்தது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று செவிலியரிடம் கேட்டது, சளி இருக்கும்போது போடலாமா என்று யோசித்தது, அட்டையைத் தேடி எடுத்தது, மாற்றுத் துணி கட்டியது, ராத்திரி காய்ச்சல் வந்தால் கொடுக்க மருந்து இருக்கிறதா என்று பார்த்தது. எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சியதுதான் வண்டி ஓட்டுவது. கவனிப்பது, முடிவெடுப்பது, செய்வது என்று எந்த வேலைக்கும் மூன்று பகுதி உண்டு. மூன்றாவதை மட்டும் கொடுத்தால் சுமை இறங்குவதில்லை, மேற்பார்வை என்ற வேலை கூடுகிறது. "என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்" என்பது நல்ல மனசோடு சொல்லப்படும் வாக்கியம்தான். ஆனால் பட்டியல் அவள் தலையிலேயே இருக்கட்டும் என்பதுதான் அதன் பொருள்.

ஆகவே வேலையைப் பங்கிடும்போது துண்டு துண்டாகப் பங்கிடாமல் முழுசாகக் கைமாற்ற வேண்டும். தடுப்பூசி அப்பாவுடையது என்றால் அட்டை, தேதி, கேள்வி, மருந்து, அடுத்த நாள் காய்ச்சல் பார்ப்பது எல்லாமே அவருடையது. இரவுத் துணிகள் மாமியாருடையது என்றால் எப்போது ஊறப்போடுவது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். கொடுத்த பிறகு தாய் குறுக்கே போகக் கூடாது. இது பலருக்கு முடிவதில்லை. அவர் துணியைத் தலைகீழாக மடித்து வைத்தாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. பாதுகாப்பு சம்பந்தப்பட்டதற்கு மட்டும் சொல்லிவைத்தால் போதும்.

பாதுகாப்பு என்றதும், காய்ச்சல் மருந்தை நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இரவு இரண்டு மணிக்குத் தவறு நடப்பது இதில்தான். கைக்குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 அல்லது 250 மில்லிகிராம். 125 சிரப்பில் ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம்தான் வருகிறது. சொட்டு மருந்து அதைவிட நான்கு மடங்கு வீரியம். சிரப்பின் அளவை நினைவில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்தை ஊற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டில் ஒரே வகை மட்டும் வைத்திருங்கள். குழந்தையின் இப்போதைய எடைக்கு எத்தனை மில்லி என்று மருத்துவரிடம் கேட்டுப் பாட்டில்மேல் மார்க்கரால் எழுதி ஒட்டிவிடுங்கள். கொடுத்த நேரத்தையும் பக்கத்தில் குறித்தால், அடுத்தவர் கேள்வி கேட்காமல் தொடரலாம்.

வேலைக்குத் திரும்புகிறவர்கள் சட்டம் தருவதைக் கேட்டு வாங்க வேண்டும். மகப்பேறு பலன் சட்டத்தின் 2017 திருத்தம் கொண்டுவந்து, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கும் விதியின்படி முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் விடுப்பு. பிரசவத்துக்கு முன் எடுப்பது எட்டு வாரத்துக்கு மிகக் கூடாது. முன்னாலேயே எட்டையும் எடுத்துவிட்டால் பின்னால் 18 வாரம்தான் மிஞ்சும், அதாவது சரியாக அந்த ஐந்தாம் மாதத்தில் அலுவலகத்தில் நிற்க வேண்டிவரும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளை உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு. முடிந்தால், தாய்வீட்டிலிருந்து திரும்புவதையும் வேலையில் சேர்வதையும் ஒரே மாதத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கோபம் தலைக்கேறும் நிமிடம்

குழந்தையின் அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தணிவது பொது இயல்பு. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, காய்ச்சல் இல்லை, இன்னும் அழுகிறது என்றால் சில நேரம் காரணமே இருக்காது. தாடை இறுகுவது, குழந்தையைக் கொஞ்சம் வேகமாகத் தட்டுவது, தூளியை ஓங்கி ஆட்டுவது: இவை முன்னறிவிப்பு. அந்தக் கட்டத்தில் குழந்தையைத் தரையில் பாய் விரித்து மல்லாக்கப் படுக்க வைத்து, பக்கத்தில் தலையணை, போர்வை எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஐந்து முதல் பத்து நிமிடம். முகம் கழுவுங்கள். நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், ஒரு பத்து முறை. மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு இறங்கும், அதற்காகத்தான் அந்தக் கணக்கு. பத்து நிமிடம் தனியாக அழுவதால் குழந்தைக்குக் கேடு இல்லை. பிடித்து உலுக்கினால் சில விநாடிகளிலேயே மூளையில் ரத்தம் கசியலாம், பார்வை போகலாம், உயிரும் போகலாம். இதை அம்மாவுக்கு மட்டும் சொன்னால் போதாது, இரவில் குழந்தையை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

எங்கே கோடு போடுவது

பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் வரும் காரணமற்ற அழுகை பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு உண்டு. ஹார்மோன்கள் சடாரென்று இறங்குவதால் வருவது, இரண்டு வாரத்துக்குள் தானாக வடியும். வடியாவிட்டால், அல்லது மாதங்கள் கழித்துத் தொடங்கி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது பேறுகால மனச்சோர்வாக இருக்கலாம். இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த மதிப்பீடு 22 சதவீதம். ஐந்து தாய்மாரில் ஒருவருக்கும் மேல். களைப்பிலிருந்து இதைப் பிரித்தறிய ஒரு நல்ல கேள்வி: குழந்தை தூங்குகிறது, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறதா? களைத்தவள் உடனே தூங்கிவிடுவாள். மனச்சோர்வு உள்ளவள் பெரும்பாலும் கூரையைப் பார்த்தபடி கிடப்பாள்.

பேறுகால மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் உருவாக்கப்பட்ட எடின்பரோ அளவுகோல் பத்துக் கேள்விகள் கொண்டது, கடந்த ஏழு நாளைப் பற்றிக் கேட்கும், தமிழிலும் கிடைக்கிறது. மொத்தம் 30 மதிப்பெண். பத்தைத் தொட்டாலே மருத்துவரிடம் பேசுவது நல்லது. பத்தாவது கேள்வி தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் அன்றே உதவி தேட வேண்டும்.

வெளியே சொல்லக் கூசும் ஒன்று: மாடிப்படியில் நிற்கும்போது குழந்தையைத் தவறவிடுவதுபோல, கத்தியைப் பார்த்ததும் ஏதோ நடப்பதுபோல ஒரு காட்சி மனதில் மின்னி மறைவது. புதுத் தாய்மாருக்கு இது மிகச் சாதாரணம். தான் கொலைகாரியோ என்று அவள் பதறுகிறாளே, அந்தப் பதற்றமே அவள் அதை விரும்பவில்லை என்பதைக் காட்டுகிறது. நேர்மாறானது பேறுகாலச் சித்தப்பிரமை. ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் வரும். தூக்கமே தேவைப்படாமல் போவது, குழப்பமான பேச்சு, காதில் குரல், குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்ற உறுதியான நம்பிக்கை. நம் வீடுகளில் இதற்குக் காத்துக் கருப்பு என்று பெயர் வைத்து, மந்திரிக்கப் போய் நாலைந்து நாளை இழக்கிறார்கள். இது மாரடைப்பைப் போல அவசரம். தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் மனநல மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு அன்றே கொண்டுபோக வேண்டும். முன்பே இருதுருவ மனநோய் (அளவு மீறிய உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வருவது) இருந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்பதால், கர்ப்பத்திலேயே மருத்துவரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

"மாத்திரை போட்டால் பால் நிறுத்தணும், பிள்ளையைப் பிரிச்சிடுவாங்க" என்ற பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை. மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் போன்ற மருந்துகளைப் பால் கொடுத்துக்கொண்டே எடுக்கலாம், தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே சேர்கிறது. எதையும் தானாக நிறுத்துவதுதான் ஆபத்து. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயும் சேயும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவு இருக்கிறது.

மருந்து இல்லாமலும் பலருக்குக் குணமாகிறது. பாகிஸ்தான் கிராமங்களில் மனச்சோர்வு இருந்த கர்ப்பிணிகளை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் வீட்டுக்கே போய்ச் சந்தித்துப் பேசினார்கள். 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவின்படி, குழந்தைக்கு ஆறு மாதமானபோது அவர்களில் 23 சதவீதத்தினருக்குத்தான் மனச்சோர்வு மிஞ்சியிருந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த ஊர்களில் 53 சதவீதம். அங்கே செய்தது பெரிய வித்தை எதுவும் இல்லை. மனதில் ஓடும் எண்ணத்தை அடையாளம் காட்டி, அடுத்த சந்திப்புக்குள் செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியத்தைத் தீர்மானித்து, மாமியாரையும் கணவரையும் அந்தப் பேச்சுக்குள் இழுத்தார்கள்.

இங்கே கூப்பிட வேண்டிய எண் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணும் இருக்கிறது. கூப்பிடும்போது குழந்தையின் வயது, இந்த அறிகுறி எத்தனை நாளாக, சாகும் எண்ணம் உண்டா, இப்போது எடுக்கும் மாத்திரைகள் என்ன என்பதைக் கையில் வைத்துக்கொண்டால் பேச்சு சுருக்கமாக முடியும். அவளால் பேச முடியாத நிலை என்றால் கணவரோ அம்மாவோ கூப்பிடலாம். தடுப்பூசிக்குப் போகும் நாளில் கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னாலும் வழி காட்டுவார். அட்டையை நீட்டும்போது குழந்தையின் எடையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.